49 ஓட்டும் ஒரு பச்சை மைக் கையெழுத்தும்

திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் தொகுதிக்காரர் யாரிடமாவது 2016 சட்டமன்றத் தேர்தல் என்று பேச்செடுத்துப் பாருங்கள். மூச்சு விடுவதற்குள் 49 என்பார். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, கட்சியே இல்லாதவராக இருந்தாலும் சரி. அந்த வருஷம் மே 19ஆம் தேதி ஓட்டு எண்ணி முடித்தபோது அதிமுகவின் இன்பதுரைக்கு 69,590, திமுகவின் அப்பாவுக்கு 69,541. வித்தியாசம் 49. ஒரு கல்யாணத்துக்குப் போகிற வேனும் அதன் பின்னால் போகிற ரெண்டு காரும் சேர்ந்தால் அவ்வளவு பேர் தேறிவிடும்.

அரசியல் எழுதப் போகிறேன் என்று பயப்பட வேண்டாம். யார் ஜெயித்திருக்க வேண்டும் என்பது பற்றி இந்தப் பதிவில் ஒரு வரி கூட இருக்காது. நான் எழுத வந்தது ரெண்டு கவரையும் ஒரு படிவத்தையும் பற்றி.

என் வேலைக்கு யூஎக்ஸ் ரிசர்ச் என்று பெயர். பயனர் ஆய்வு. ஒரு ஆப்பையோ மெஷினையோ விண்ணப்பத்தையோ ஜனங்கள் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அதைத் தயாரிக்கிறவர்களிடம் போய்ச் சொல்கிற உத்தியோகம். ஊருக்குப் போகும்போது “கம்ப்யூட்டர்ல என்னதாம்ல பாக்க?” என்று கேட்கிறவர்களுக்கு இதை விளக்குவதற்குள் டீ ஆறிப்போகும். இப்போதெல்லாம் நான் விளக்குவதில்லை. தபால் ஓட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் பாதி தெரிந்த கதை. மீதிப் பாதியை நான் சொன்னால் போதும்.

தெரிந்த பாதி இது. அந்தத் தேர்தலில் 203 தபால் ஓட்டுகள் செல்லாது என்று ஒதுக்கப்பட்டன. காரணம், வாக்காளர் தரும் உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் போட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள். அவர்கள் கெசட்டட் அதிகாரிகள் இல்லை என்று தேர்தல் அலுவலர் தரப்பு சொன்னது. 203 எங்கே, 49 எங்கே. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், 2019 அக்டோபர் 1ஆம் தேதி அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்று எந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. மூன்றே நாளில் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். எண்ணிய முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021இல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது. அதில் அப்பாவு ஜெயித்துச் சட்டமன்ற சபாநாயகரும் ஆனார். ஐந்து வருஷம் முழுக்க அந்த 49 எங்கள் டீக்கடைகளில் உட்கார்ந்திருந்தது.

தெரியாத பாதி எதுவென்றால், அந்த 203 பேர் யார் என்பது. அப்போது தபால் ஓட்டு என்றால் பெரும்பாலும் ராணுவத்தில் இருப்பவர்களும், தேர்தல் வேலைக்குப் போகிற அரசு ஊழியர்களும். நம்மூர்ப் பக்கம் தேர்தல் வேலை என்றாலே பெரும்பாலும் வாத்தியார்கள், டீச்சர்கள். மற்றவர்கள் விரலில் மை வைக்கிறவர்கள், எந்திரத்தை சீல் வைக்கிறவர்கள், பூத்துக்கு வருகிற பாட்டிக்கு எப்படி ஓட்டுப் போடுவது என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள். அவர்களுடைய ஓட்டுதான் கொத்தாகச் செல்லாமல் போனது. படிக்கத் தெரியாதவர்கள் செய்த பிழை என்று இதை யாரும் தள்ளிவிட முடியாது.

நான் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். ஒருவர் தப்புச் செய்தால் அவர் கவனக்குறைவு என்று சொல்லலாம். ஒரே தப்பை, ஒரே இடத்தில், ஒரே மாதிரி 203 கவர்களில் பார்த்தால், அந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறோம் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

தபால் ஓட்டு செட்டை நீங்கள் கையில் வாங்கியதில்லை என்றால் அதன் அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். 1961ஆம் வருஷத் தேர்தல் நடத்தை விதிகளின்படி வருகிற செட் அது. ஓட்டுச் சீட்டு ஒன்று. 13ஏ என்ற உறுதிமொழிப் படிவம் ஒன்று. ‘ஏ’ என்று போட்ட சின்ன கவர், அதுதான் படிவம் 13பி. ‘பி’ என்று போட்ட பெரிய கவர், அது 13சி. படிவம் 13பி ஏ கவர், 13சி பி கவர்! இதை யோசித்தவரை ஒருநாள் சந்தித்து டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். கடைசியாக 13டி, இதையெல்லாம் எப்படி நிரப்புவது என்ற குறிப்புத் தாள்.

ஓட்டுச் சீட்டில் குறியிட்டு, சின்ன கவரில் போட்டு ஒட்ட வேண்டும். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு, சான்றொப்பம் வாங்கி, அதைச் சின்ன கவருக்குள் வைக்காமல், சின்ன கவரையும் அதையும் சேர்த்துப் பெரிய கவருக்குள் வைக்க வேண்டும். சீட்டின் வரிசை எண் படிவத்திலும் கவரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

எண்ணும் மேஜையில் முதலில் பெரிய கவரைப் பிரிப்பார்கள். உறுதிமொழி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, சான்றொப்பம் ஒழுங்காக இருக்கிறதா, எண் பொருந்துகிறதா. ஒன்று பிசகினாலும் சின்ன கவரைத் திறக்காமலே ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அதாவது அந்த ஓட்டு யாருக்கு என்று யாருக்குமே தெரியாது. இதில் எனக்கு மிகவும் பிடித்த, பிடித்த என்றால் வயிற்றெரிச்சலில் பிடித்த, ஒரு விஷயம் கையெழுத்து. உறுதிமொழித் தாளில் உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால் ஓட்டுச் செல்லாது. அதோடு சேர்ந்து வந்த ஓட்டுச் சீட்டில் உங்கள் கையெழுத்து இருந்தால் ஓட்டுச் செல்லாது, ஏனென்றால் போட்டவர் யார் என்று தெரிந்துவிடும். ரெண்டு தாளும் ஒரே செட்டில், ஒரே நேரத்தில், ஒரே மேஜையில் இருக்கின்றன.

ஒவ்வொரு விதிக்கும் காரணம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ரகசியம் காக்க ரெண்டு கவர் வேண்டும். கள்ள ஓட்டைத் தடுக்கச் சான்றொப்பம் வேண்டும். விதி எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் அவர்கள் எழுதியது விதி. வாக்காளர் கையில் கிடைப்பது ஒரு பொருள். ரெண்டுக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

என் அத்தை நடுநிலைப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பல தேர்தலுக்கு டியூட்டி பார்த்தவர். ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன்.

“தபால் ஓட்டுக்கு யாருகிட்ட கையெழுத்து வாங்குவிய அத்தை?”

“எங்க ஹெச்எம்கிட்டதான். வேற யாருகிட்ட போவ?”

“அவரு கெசட்டட் ஆபீசரா?”

“அவரு ஹெச்எம்லா!”

அந்த ஒரு பதிலில் எல்லாம் இருக்கிறது. முப்பது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் நகலில், மார்க் ஷீட்டில், ரேஷன் கார்டு நகலில் அந்த ஹெச்எம் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பச்சை மைப் பேனா அவர் சட்டைப் பையில் இருக்கிறது. கெசட்டட் என்பது அரசாணையில் இருக்கிற வகைப்பாடு. அத்தைக்குத் தெரிந்த வகைப்பாடு, பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர், போடாதவர் என்பதுதான். படிவம் முதலாவதைக் கேட்கிறது. ஜனங்கள் ரெண்டாவதை வைத்துப் பதில் சொல்கிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை. அந்த 203 ஓட்டையும் எண்ண வேண்டும் என்றுதான் உயர் நீதிமன்றமும் கடைசியில் சொன்னது. அதைச் சொல்ல ஒரு நீதிபதி தேவைப்பட்டார் என்றால், ஒரு நடுநிலைப் பள்ளி ஹெச்எம் கெசட்டட்டா இல்லையா என்பது சாமானியக் கேள்வி இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட கேள்வியைத்தான் தேர்தல் அவசரத்தில் இருக்கிற ஒரு டீச்சரைத் தனியாகத் தீர்மானிக்கச் சொன்னோம்.

பிறகு ஒருநாள் நானே ஒரு மாதிரி செட் தயார் செய்து அத்தை முன்னால் வைத்தேன். நிஜப் பெயர்கள் இல்லாத ஒரு சீட்டு, உறுதிமொழி, ரெண்டு கவர், குறிப்புத் தாள், ஒரு பசை டப்பா. “நெசமா ஓட்டுப் போடுத மாதிரி போடுங்க, மனசுக்குள்ள என்ன ஓடுதோ அத வாய்விட்டுச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அத்தை முதலில் எடுத்தது குறிப்புத் தாளை. எடுத்தார், கண்ணாடியை மாட்டினார், முதல் வரியைப் படித்தார், மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். “இதெல்லாம் தெரிஞ்சதுதான.” அடுத்து ஓட்டுச் சீட்டு. சுத்தமாக ஒரு டிக். மடிப்பில் நகத்தால் அழுத்தி நாலாக மடித்தார், டீச்சர்களுக்கே உரிய மடிப்பு. அதற்குப் பிறகு உறுதிமொழி. பெயர், முகவரி, கையெழுத்து. சான்றொப்பம் இடத்தில் பேனாவை வைத்து, “இது ஹெச்எம் போடணும், நாளைக்கு வாங்கிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, படிவத்தையும் சீட்டையும் ஒன்றாகப் பிடித்துச் சின்ன கவருக்குள் செருகினார். பசையைத் தடவினார். ஒட்டப்போகும் நேரத்தில் கை நின்றது. “ஏ மக்கா, ஹெச்எம் கையெழுத்து வாங்கணும்னா இத எப்படி ஒட்டுதது?” என்று தானாகவே சிரித்துவிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வேலையில் கஷ்டமான பகுதியே அதுதான். உதவி செய்யக் கூடாது. அத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது, அதுவும் காலையில் எனக்கு இடியாப்பம் பிழிந்து கொடுத்த அத்தை, லேசுப்பட்ட காரியம் இல்லை. கொஞ்ச நேரம் ரெண்டு கவரையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருந்த தாளை எடுத்தார். இந்த முறை விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். முடிவில் எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் கேட்டது என்ன தெரியுமா? “நான் தப்பாப் பண்ணிட்டனா?”

வாழ்நாள் முழுக்கப் பரீட்சை நடத்தியவர் தனக்கே பரீட்சை என்று நினைத்துவிட்டார். ஆய்வுக்கு வருகிற பெரும்பாலானோர் அப்படித்தான் கேட்கிறார்கள். பொருள் தோற்றது என்று யாருக்கும் முதலில் தோன்றுவதில்லை, தான் தோற்றதாகத்தான் தோன்றுகிறது. அதனால்தான் புகார் வருவதில்லை. புகார் வரவில்லையே என்று தயாரிக்கிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

குறிப்புத் தாள் பற்றி ஒரு வார்த்தை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினால் முதலில் வருகிற யோசனை, “ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுடலாம்” என்பது. ஜனங்கள் குறிப்பைப் படிப்பது மாட்டிக்கொண்ட பிறகு. அத்தை படித்ததும் கை நின்ற பிறகுதான். சான்றொப்ப விஷயத்தில் துரதிர்ஷ்டம் என்னவென்றால் அங்கே கை நிற்கவே நிற்காது. ஹெச்எம் கையெழுத்து வாங்கினால் எல்லாம் ஒழுங்காக முடிந்தது போலவே இருக்கும். பசையும் ஒட்டும், கவரும் போய்ச் சேரும். பிழை தெரிவது எண்ணும் மேஜையில், வாக்காளர் இல்லாத இடத்தில். இந்த மாதிரிச் சத்தமில்லாத பிழைதான் எங்கள் தொழிலில் மிக மோசமானது. எந்திரத்தில் கோளாறு என்றால் சிவப்பு விளக்காவது எரியும்.

பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். சொல்லிக் கொடுக்கிறார்கள்தான். ஒரு பெரிய கூடத்தில், மைக்கில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எந்திரத்தை எப்படிக் கோத்து மூடுவது என்று நூறு விஷயத்தோடு நூற்றொன்றாக. கடைசியில் “சந்தேகம் இருக்கா?” என்று ஒரு கேள்வி. கை தூக்கினால் பக்கத்துப் பள்ளி ஹெச்எம் திரும்பிப் பார்ப்பார். யாரும் தூக்க மாட்டார்கள். நம் பக்கத்தில் “புரிஞ்சுதா?” என்ற கேள்விக்கு “புரிஞ்சுது” என்பதுதான் மரியாதை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு பொருளைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது. நான் ஆய்வுக்குப் போகிற இடங்களில் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. செய்து காட்டச் சொல்கிறேன், இல்லாவிட்டால் “ஒங்க பக்கத்து வீட்டுக்காரிக்கு இத எப்படிச் சொல்லிக் குடுப்பிய?” என்று கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டால் மரியாதை விலகி உண்மை வந்துவிடும்.

இப்போது இதே தேர்தலின் மறுபக்கத்தைப் பாருங்கள். பூத்துக்குப் போய் எந்திரத்தில் ஓட்டுப் போடுகிறவருக்குச் செல்லாத ஓட்டு என்ற ஆபத்தே ஏறத்தாழ இல்லை. ரெண்டு பட்டனை அழுத்தினால் முதலில் அழுத்தியது மட்டும் பதிவாகும். அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு, நீளமான பீப் சத்தம். இப்போது விவிபேட் கண்ணாடிக்குள் ஏழு விநாடி சீட்டு தெரிகிறது. எழுத்துத் தெரியாதவருக்குச் சின்னம், பார்வை இல்லாதவருக்கு பிரெய்ல், ஒரே பெயரில் பலர் நின்றால் குழம்பாமல் இருக்க 2015 முதல் வேட்பாளர் படம். 2024இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது அதே பெயரில் வேறு பன்னீர்செல்வங்களும் சீட்டில் இருந்தார்கள். படம் எதற்கு என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

இந்தச் சிந்தனை எந்திரத்தோடு வந்ததும் இல்லை. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் ஓட்டுச் சீட்டில் பெயரே கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டால் சரி. அன்றைய கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அவர்களை மனதில் வைத்துச் செய்தார்கள். 1980இல் எம்.பி. ஹனீபா தான் செய்த வாக்கு எண்ணும் எந்திரத்தைத் தமிழ்நாட்டு நகரங்களில் அரசுப் பொருட்காட்சிகளில் ஜனங்கள் பார்வைக்கு வைத்தார். பிறகு வந்த மின்னணு எந்திரத்தின் உருவத்தை வடிவமைத்ததில் மும்பை ஐஐடியின் தொழில் வடிவமைப்பு மையத்துக்குப் பங்கு உண்டு, ஏ.ஜி. ராவ், ரவி பூவையா என்ற பேராசிரியர்கள். அதாவது இந்த நாட்டில் தேர்தல் நடத்துகிறவர்களுக்குப் பயனரை நினைத்துப் பொருள் செய்யத் தெரியாமல் இல்லை.

தெரிந்தும் தபால் கவர் ஏன் அப்படி இருந்தது? என் கணக்கு இதுதான். உவரியில் மீன் விற்கிற பாட்டிக்காக என்று நினைக்கும்போது நூறு முறை யோசிக்கிறோம். டீச்சருக்காக என்றால், “படிச்சவங்கதானே, பாத்துக்குவாங்க” என்று விட்டுவிடுகிறோம். விளைவு, ஒரே தொகுதியில் பாட்டியின் ஓட்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, அவருக்கு மை வைத்த டீச்சரின் ஓட்டு ஒரு கையெழுத்தில் விழுந்துவிட்டது.

கம்பெனிகளில் இது தினசரிக் காட்சி. வாடிக்கையாளருக்கான ஆப்புக்கு ஆய்வு உண்டு, பட்ஜெட் உண்டு. அதே கம்பெனியின் கிளை ஊழியர், டெலிவரி பையன், கணக்குப் பிள்ளை பயன்படுத்துகிற திரைக்கு ஒன்றும் கிடையாது. அவர்களுக்குத்தான் டிரெய்னிங் கொடுக்கிறோமே என்பார்கள். என்னைக் கேட்டால் ஆய்வை அங்கே தொடங்க வேண்டும். அங்கே ஒரு தப்பு நடந்தால் விழுவது இன்னொருவர் தலையில்.

நல்ல எண்ணமும் இதற்கு ஈடாகாது. அமெரிக்காவில் 2000ஆம் வருஷ அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில், வயதானவர்கள் நிறைய இருக்கிற ஊராயிற்றே என்று தேர்தல் அதிகாரி தெரசா லீபோர் எழுத்தைப் பெரிதாக்கினார். எழுத்துப் பெரிதானதால் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. ரெண்டு பக்கமும் பெயர்கள், நடுவில் துளைகள் என்று சீட்டு விரிந்தது. இடது பக்கம் ரெண்டாவதாக இருந்த அல் கோருக்குத் துளை மூன்றாவது. ரெண்டாவது துளை வலது பக்கத்தில் இருந்த இன்னொரு வேட்பாளர் புகானனுக்கு. கோருக்கு என்று நினைத்துப் புகானனுக்குக் குத்தியவர்களும், ரெண்டு துளை குத்திச் செல்லாமல் போனவர்களும் ஆயிரக்கணக்கில். புகானனுக்கு அந்த மாவட்டத்தில் 3,400க்கு மேல் விழுந்தது. ஃபுளோரிடா முழுவதிலும் புஷ் ஜெயித்த வித்தியாசம் 537. அந்தம்மா நல்லதுதான் நினைத்தார். அச்சடிக்கும் முன்னால் அதே ஊரில் நாலு பெரியவர்களை உட்கார வைத்துக் குத்தச் சொல்லியிருந்தால் ஒரு மத்தியானத்தில் தெரிந்திருக்கும்.

ராதாபுரத்துக்கு நெருங்கிய உறவு அதே அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். 2008 செனட் தேர்தலில் ஆல் ஃபிராங்கன் கடைசியில் ஜெயித்தது 312 ஓட்டில், அதுவும் எட்டு மாதம் வழக்கு நடந்து. அங்கேயும் சண்டை, ஒதுக்கப்பட்ட தபால் ஓட்டுகள் பற்றித்தான். சுமார் 12,000 கவர்கள். அங்கேயும் வாக்காளர் கையெழுத்து, சாட்சி கையெழுத்து, உறைக்குள் உறை. ஆனால் வழக்கு முடிந்ததோடு அவர்கள் விடவில்லை. மாநிலத் தேர்தல் அலுவலகம் பயன்பாட்டு ஆய்வாளர்களைக் கூப்பிட்டது. டேனா சிஸ்னெல், விட்னி க்வெசன்பெரி போன்றவர்கள் வந்து, சாதாரண ஜனங்களிடம் முழு செட்டையும் கொடுத்துப் போடச் சொல்லிப் பார்த்து, குறிப்புகளைப் படத்தோடு படிப்படியாகத் திருத்தி எழுதினார்கள். நம்மிடம் வழக்கறிஞர்கள் இருந்தார்கள், நீதிபதிகள் இருந்தார்கள், எண்ணுகிற மேஜையும் இருந்தது. இந்த ஆட்கள் மட்டும் இல்லை.

எத்தனை பேரைப் பார்த்தால் போதும் என்று கேட்பார்கள். ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது எங்கள் தொழிலில் வேதவாக்கு மாதிரி, ஐந்து பேரை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று. சண்டையும் உண்டு, எல்லாப் பொருளுக்கும் அது பொருந்தாது என்று. என் அனுபவத்தில் ஐந்து என்பது ஒரே மாதிரி ஆட்களில் ஐந்து. தபால் ஓட்டென்றால் டீச்சர் ஐந்து பேர் மட்டும் போதாது. கான்ஸ்டபிள் வேண்டும், தேர்தல் வண்டி ஓட்டுகிற டிரைவர் வேண்டும். டீச்சருக்கு ஹெச்எம் பக்கத்திலேயே இருக்கிறார். டிரைவருக்குச் சான்றொப்பம் போட யார் இருக்கிறார்கள், அவர் வண்டியை எங்கே நிறுத்திவிட்டுப் போவார் என்பது வேறு ஆய்வு. பணகுடியிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ பார்த்தால் கெசட்டட் அதிகாரி இருக்கிற அலுவலகம் ஒரு பஸ் தூரம். அந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்பதும் ஆய்வில்தான் சேர்த்தி.

உள்ளூர்த் தகவல் தெரியாமல் வெளியிலிருந்து ஊகித்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தொகுதியே சாட்சி. திருநெல்வேலி மாவட்டம் என்றதும் தாமிரபரணிப் பச்சையைத்தான் நினைப்பார்கள். ராதாபுரம் கால்வாய்க்குத் தண்ணீர் வருவது கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணிப் பக்கமிருந்து. வரைபடத்தைப் பார்த்து எழுதுகிறவருக்கு அது தெரியாது, வாய்க்கால் ஓரம் நடப்பவருக்குத் தெரியும்.

அப்புறம் என்ன ஆயிற்று? 2023இல் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தினார்கள். தேர்தல் பணியில் இருப்பவர்கள் தபால் ஓட்டை வீட்டுக்கு எடுத்துப்போகாமல், வசதி மையத்திலேயே வாங்கி, அங்கேயே போட்டு, அங்கேயே கொடுக்க வேண்டும். சொல்லப்பட்ட காரணம் வேறு. சீட்டு நாள்கணக்கில் கையில் இருந்தால் யாராவது மிரட்டலாம், விலை பேசலாம் என்பது. ஆனால் என் கண்ணுக்கு அது நல்ல வடிவமைப்பாகவும் தெரிகிறது. சான்றொப்பம் போடுகிற அதிகாரி அந்த அறையிலேயே இருக்கிறார். எந்தக் கையெழுத்து செல்லும் என்று டீச்சர் யோசிக்கவே வேண்டாம். இன்ஸ்ட்ரக்‌ஷனை நீளமாக்கவில்லை, கேள்வியையே எடுத்துவிட்டார்கள். ஜெயித்த வித்தியாசம் ஒதுக்கிய தபால் ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால் முடிவை அறிவிப்பதற்கு முன்னால் அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடும் இப்போது இருக்கிறது. அது வேலியில்லை, ஓட்டையை அடைக்கிற துணி. ஆனாலும் வேண்டியதுதான்.

எனக்கு இப்போது கண் வேறு இடத்தில். 85 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். முதலில் 80 என்று இருந்ததை 2024இல் 85 ஆக்கினார்கள். அதற்குப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். படிவத்தை வீடு வீடாகக் கொண்டுபோவது பிஎல்ஓ, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், நம்மூர்ப் பக்கம் பல இடங்களில் அங்கன்வாடி டீச்சரோ சத்துணவு ஊழியரோ. எல்லோரும் பாட்டி எப்படி ஓட்டுப் போடுவார் என்றுதான் யோசிக்கிறார்கள். நான் பார்க்க விரும்புவது அந்த பிஎல்ஓவை. கையில் பட்டியல், தோளில் பை, கூடுதாழையில் ஒரு வீடு, பெருமணலில் ஒரு வீடு, காது கேட்காத தாத்தாவிடம் “இப்ப கையெழுத்துப் போட்டா அப்புறம் பூத்துக்கு வர முடியாது தாத்தா” என்பதை வாசலில் நின்று புரிய வைக்க வேண்டும், பக்கத்தில் மகன் ஒன்று சொல்வார், மருமகள் ஒன்று சொல்வார். இதெல்லாம் ஐந்து நாளில். அந்த ஐந்து நாளில் ஒரே ஒரு நாள் அவரோடு கூடவே நடந்து, ஒன்றும் பேசாமல், எந்த வீட்டில் அவர் படிவத்தை ரெண்டாம் முறை பையிலிருந்து வெளியே எடுக்கிறார் என்று மட்டும் குறித்து வைத்தால் போதும். அடுத்த தேர்தலுக்கு நான் அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.